மூடிக்காடு

உசிலங்கரட்டுக்கு மேற்கே, ஓடை திரும்புகிற இடத்தில், உசிலையும் வெப்பாலையும் ஆத்தியும் ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு நிற்கிற அந்தக் காட்டுக்கு மூடிக்காடு என்று பேர் வைத்தவன் எவன் என்று கேட்டால் கரட்டுப்பட்டியில் ஒருத்தருக்கும் தெரியாது. ஏன் வைத்தான் என்று கேட்டால் மூக்கொழுகுகிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். அங்கே தரையெல்லாம் மூடி. சருகுக்கு அடியில், பாசி படிந்த செம்மண்ணில், சட்டைப் பொத்தான் அகலத்தில் சின்னச் சின்ன மூடிகள், மண்ணையும் நூலையும் குழைத்துச் செய்தவை, ஒரு ஓரத்தில் மட்டும் நூலால் கீல் வைத்து, தூக்கினால் எழும்பி, விட்டால் விழுந்து பொருந்திக்கொள்கிற மூடிகள். ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் சாண் ஆழத்தில் ஒரு குழி, குழி முழுக்க நூல் மெத்தை, மெத்தையில் ஒரு கறுத்த எட்டுக்கால் பூச்சி. மூடிப்பூச்சி என்பார்கள். அதற்கு ஒட்டடை கட்டத் தெரியாது, மரம் ஏறத் தெரியாது, ஊர் சுற்றத் தெரியாது. பிறந்த குழியைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போய்த் தன் குழியைத் தோண்டி, தன் மூடியைப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டே ஆயுசைக் கழித்துவிடும்.

கரட்டுப்பட்டிக்காரர்களுக்குப் பிழைப்பே அந்தக் காடுதான். உசிலை இலையைப் பறித்து வந்து நிழலில் உலர்த்தி, இடித்து, சலித்து, அரப்புத் தூளாக வாரச்சந்தையில் விற்பார்கள். சுற்றுவட்டாரத்தில் தலை முழுகுகிற பெண்களின் கூந்தலெல்லாம் ஒருவகையில் இந்த ஊர் இலைதான். ஆனால் காட்டுக்குள் போகிறவன் எல்லைக்கல்லில் நின்று, கம்பால் தரையைத் தட்டி, "வாரோம், வாசல மூடிக்க" என்று சொல்லிவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். தட்டினால் பூச்சி மூடியை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குழியும் இடியாது, காலிலும் கடி படாது. பால்குடி மறக்கிற வயசிலேயே பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கி, கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, தட்டுடா தங்கம் என்று பழக்கிவிடுவார்கள். அப்புறம் அது தும்மல் மாதிரி, யாரும் நினைத்துச் செய்வதில்லை.

விருமாயியின் புருசன் தவசி அந்தக் காட்டுக்குப் போனதும் அப்படித் தட்டிவிட்டுத்தான். புரட்டாசி மழை ஓய்ந்த ஒரு மத்தியானம், சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனவன் சாயங்காலம் வரவில்லை. மறுநாள் விருமாயியும் கொழுந்தன் ஒச்சுவும் தேடிக்கொண்டு போனபோது, பெரிய உசிலை மரத்தடியில் அரப்பு புடைக்கிற சொளகு அகலத்துக்கு ஒரு மூடி இருந்தது. பாசியும் சருகும் படிந்து, அக்கம்பக்கத்துச் சின்ன மூடிகளைப் போலவே. அது ஒரு கை உயரத்துக்கு எழும்பியது. உள்ளே தவசியின் முகம் தெரிந்தது.

"இங்கனதான் இருக்கேன்" என்றான்.

"இங்க என்ன செய்யிறீக?" என்றாள் விருமாயி.

"சத்தமில்லாம இருக்கு. வெளிச்சந்தான் கண்ணக் கூசுது. சோத்த வச்சுட்டுப் போ."

"வீட்டுக்கு எப்ப வருவீக?"

"வாரேன்" என்று சொல்லி மூடியை இறக்கிக்கொண்டான்.

விருமாயிக்கு முதலில் கோபந்தான் வந்தது. கட்டின பொண்டாட்டி ராத்திரி பூராவும் கண்ணுறங்காமல் கிடக்க, இவன் குழியில் மெத்தை போட்டுப் படுத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் ஊர் அவளைத்தான் தேற்றியது. பக்கத்து வீட்டுப் பேச்சி வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, எம் புருசன் திருப்பூருக்குப் போயி வருசக்கணக்காச்சு, போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கான். ஒம் புருசன் கூப்பிடு தூரத்துல இருக்காரு. குடிக்கல, இன்னொருத்திகூடப் போகல, மண்ணுக்குள்ள இருக்காரு, அவ்வளவுதான. அதுக்குப் போயி அழுவியா?" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அப்படியே ஊர் அதைத் தன் அன்றாடத்துக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டது. ரேசன் கடைக்காரர் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கே போனார். எல்லைக்கல்லில் தட்டினார், உள்ளே போனார், மூடியிடுக்கில் மிஷினை நீட்டினார், தவசி கட்டைவிரலை வைத்தான், ரேகை விழவில்லை. விரல் வழவழவென்று நூல் பூத்திருந்தது. "சரி, மதினி ரேகையே போதும்" என்று அவர் திரும்பிவிட்டார். விருமாயி பூ வைக்கலாமா கூடாதா என்று பெண்கள் குழாயடியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாரக்கணக்கில் சண்டை போட்டு, கடைசியில், மூடி எழும்புகிற வரைக்கும் பூ உண்டு என்று முடிவு செய்தார்கள். கோயில் கொடையில் தவசி வீட்டுப் பங்குக் கறியைத் தேக்கிலையில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்னொன்றும் தெரிய வந்தது: மண்ணுக்குள் இருப்பதால் அவனுக்குக் காலடியெல்லாம் கேட்டது. காணாமல் போன ஆடு எந்த ஓடையில் மேய்கிறது, எவன் தோட்டத்தில் எவன் கால் வைத்தான், சந்தைக்குப் போன வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது, எல்லாம் சொன்னான். ஊர் சும்மா இருக்குமா? வெள்ளாட்டைத் தொலைத்தவனும் தொலைக்காதவனும் போனார்கள். நலம் விசாரிக்கப் போனார்கள், வேடிக்கை பார்க்கப் போனார்கள், மருமகளைப் பற்றிக் குறை சொல்லப் போனார்கள். போன ஒவ்வொருவரும் எல்லைக்கல்லில் நின்று தட்டிவிட்டுப் போனார்கள். மரியாதைக்குறைவாக யாரும் போகவில்லை.

விருமாயி தினமும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். முதலில் கை உயரத்துக்கு எழும்பின மூடி, ஐப்பசியில் நாலு விரல் எழும்பியது. கார்த்திகையில் இரண்டு விரல். சட்டி நுழையாமல் போனபோது கிண்ணத்தில் கொண்டுபோனாள், கிண்ணம் நுழையாமல் போனபோது சோற்றை உருட்டி இலையில் வைத்து இடுக்கு வழியே தள்ளினாள். எப்போது வருவீர்கள் என்று கேட்பாள். வாரேன் என்பான். அந்தச் சொல்லும் நாளுக்கு நாள் சன்னமாகிக்கொண்டே வந்தது. வீட்டில் தனியாக அரப்பு சலிக்கும்போதுதான் அவளுக்குத் தாங்காது. பச்சைத் தூள் பறந்து இமையெல்லாம் படிந்து கண் எரியும்போது, முன்பெல்லாம் தவசி ஒன்றும் பேசாமல் வந்து, துண்டு முனையை எச்சில் தொட்டு இரண்டு இமையையும் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போவான். இப்போது அவளே துடைத்துக்கொண்டாள். அந்த மனுசன் வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஊர் ஆயிரம் சொல்லட்டும், குறி சொல்கிற தவசி வேண்டாம், கண் துடைத்துவிடுகிற தவசி வேண்டும்.

மார்கழியில் ரோடு வந்தது. ரோடு வரவில்லை, ரோடு வரும் என்கிற சேதி வந்தது. ஊர்களைச் சுற்றிப் போகிற பெரிய ரோடு, மூடிக்காட்டின் நட்ட நடுவே. வெள்ளைச் சுண்ணாம்பு போட்டுக் கல் நட்டுவிட்டுப் போனார்கள். தைப்பூசம் கழிந்த மறுநாள் மண் அள்ளுகிற மஞ்சள் மிஷின் இறங்கும் என்றார்கள். ரோட்டு இன்ஜினீயர் சின்ன வயசு, நல்ல பையன், கண்ணாடி போட்டவன். ஒச்சு அவனிடம் போய், எங்க அண்ணன் அங்க குழிக்குள்ள இருக்கார் என்றான். அந்தப் பையன் திகைக்கவில்லை. ரோடு போடுகிறவர்கள் எத்தனையோ பார்த்திருப்பார்கள். வந்து மூடியைப் பார்த்தான், குனிந்து, "ஐயா, கொஞ்சம் வெளிய வந்துருங்கய்யா" என்று கேட்டுக்கொண்டான், பிறகு விருமாயியிடம், "என் கையில இருந்தா ரோட்ட வளைச்சுப் போட்டுருவேன்மா. என் கையில இல்ல" என்றான். யார் கையில் இருக்கிறது என்று விருமாயி கேட்டாள். அவன் தனக்கு மேலே இருந்தவரைச் சொன்னான். ஒச்சு வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு அவரிடம் போனான், அவர் தனக்கு மேலே இருந்தவரைச் சொன்னார், அவர் டெல்லியைச் சொன்னார், எல்லோரும் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்து, எல்லோரும் நல்லவர்களாக இருந்து, ஒருத்தர் கையிலும் அது இல்லை.

சரி, ஆளைத்தானே வெளியே எடுக்க வேண்டும் என்று ஊர் கிளம்பியது. கடப்பாரை, மண்வெட்டி, வடக்கயிறு. எல்லைக்கல்லில் தட்டிவிட்டுப் போய், நாலு பேர் மூடியின் விளிம்பைப் பிடித்து இழுத்தார்கள். மூடி அசையவில்லை. எட்டுப் பேர் இழுத்தார்கள். உள்ளேயிருந்து யாரோ அதைவிட பலமாக இழுத்துப் பிடித்தார்கள். தோண்டிப் பார்த்தார்கள், தோண்டத் தோண்டக் குழி ஆழமாகப் போனது, மண்வெட்டி நூல் சுவரில் பட்டு வழுக்கியது. கடப்பாரையை ஓங்கிப் போட்டபோது அடியிலிருந்து, "வலிக்குது" என்று ஒரு குரல் வந்தது. விருமாயி ஓடிப்போய் மூடிமேல் படுத்துக்கொண்டாள்.

"விட்ருங்க. போதும், எல்லாரும் போங்க."

போனார்கள். அவள் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். காடு அடங்கியது. மடியில் கையை வைத்துக்கொண்டு தரையையே வெறித்துக்கொண்டிருந்தபோது, கால்மாட்டில் ஒரு சின்ன மூடி மெல்ல எழும்புவதைப் பார்த்தாள். அந்தப் பக்கமாக ஒரு சாணி வண்டு சருகின்மேல் ஊர்ந்து வந்தது, அது வரவர மூடி இன்னும் எழும்பியது, வண்டு பக்கத்தில் வந்ததும் பூச்சி பாய்ந்து அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் சுற்றிலும் பார்த்தாள். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று மூடிகள் எழும்பியிருந்தன. அத்தனை வருசம் அந்தக் காட்டில் இலை பறித்தவள், ஒரு சின்ன மூடி தானாகத் திறந்து அன்றுதான் பார்த்தாள். பக்கத்தில் அந்தப் பெரிய மூடிகூட நூலிழை அளவுக்கு மேலே வந்திருந்தது.

அப்போது எல்லைக்கல்லில் ஒச்சு தட்டினான். மதினிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தான், பாவம். எல்லா மூடியும் ஒரே நேரத்தில் விழுந்தது. பெரிய மூடியும் விழுந்தது.

விருமாயிக்கு அப்போதுதான் புரிந்தது. எட்டுக்கால்காரன் எதற்கு மூடியைப் பிடித்துக்கொள்வான் என்று ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்துகொண்டே, புரட்டாசியிலிருந்து, ஊரே மாறிமாறி வந்து தட்டித் தட்டி அவனை உள்ளே அனுப்பியிருக்கிறது. சோறு கொண்டுபோன அவளும் தினமும் தட்டியிருக்கிறாள்.

அன்று சாயங்காலமே நாடக மேடையில் ஊரைக் கூட்டிச் சொன்னாள். ஊர் கேட்டது, தலையில் அடித்துக்கொண்டது, பேச்சி வாய்விட்டு அழுதாள், இனிமேல் எவனும் தட்டக் கூடாது என்று எல்லோரும் கம்பை மேடையில் போட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் கம்பில்லாமல் காட்டுக்குப் போனார்கள். எல்லைக்கல்லில் கால் நின்றுவிட்டது. முன்னால் போன ஒச்சு வெறுங்கையோடு நின்றான், ஒரு காலைத் தூக்கினான், வைக்க முடியவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்தது. கடைசியில் தன்னையறியாமல் குதிகாலால் தரையைத் தட்டினான், தட்டினதும் கால் உள்ளே போனது. "என்னடா இது" என்று திட்டிக்கொண்டே பின்னால் வந்த பெரியவர் செருப்பைக் கழற்றித் தட்டினார். பேச்சி வளையலை மரத்தில் தட்டினாள். தட்டாமல் போக வேண்டும் என்று ஒவ்வொருத்தருக்கும் மனசு இருந்தது. உடம்பு கேட்கவில்லை. விருமாயி ஊரைக் குறை சொல்ல வாயெடுத்தாள், அப்போதுதான் தன் கை தன் தொடையைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

நாள் ஓடியது. மூடி எழும்புவதே நின்றுபோனது. தைப்பூசத்தன்று லாரியில் மஞ்சள் மிஷின் வந்து ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றது. விருமாயி அன்று யாரிடமும் சொல்லவில்லை. வெயில் சாய்ந்த நேரம், எல்லைக்கல்லுக்கு முன்னாலேயே மண்டி போட்டு, உள்ளங்கையைத் தரையில் ஊன்றி, தவழ ஆரம்பித்தாள். நடக்கிற காலுக்குத்தானே தட்டத் தெரியும், தவழ்கிற காலுக்குத் தெரியாது. அவள் தவழ்ந்தது தட்டப் பழகுவதற்கு முந்தின வயசில். முழங்கால் சிராய்த்தது, முள் குத்தியது. உசிலை மரத்தடிக்கு வந்து, மூடிக்குப் பக்கத்தில் கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சருகின்மேல் நகத்தால் பிராண்டினாள். மெதுவாக. ஒரு வண்டு எப்படிப் போகுமோ அப்படி.

ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பிராண்டிக்கொண்டே இருந்தாள். மூடி எழும்பியது, நூலளவு, விரலளவு, நாலு விரல். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு கை வெளியே பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. வளையல் உடைந்தது. அந்தப் பிடியில் அன்பு இல்லை, பசி இருந்தது, அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. பயந்தும் போனாள். ஆனாலும் கையை இழுக்கவில்லை.

பிடி நின்றது. விரல்கள் அவள் கையைத் தடவின. நகக்கண்ணில் படிந்திருந்த அரப்பை முகர்ந்து பார்க்கிற சத்தம் கேட்டது.

"நீயா?"

"நாந்தான்."

"தெரியாம புடிச்சுட்டேன்."

"பரவாயில்ல. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

மூடி இன்னும் எழும்பியது. நூல் படிந்த தலை வந்தது, நெற்றி வந்தது, வெளிச்சத்துக்குச் சுருங்கிய கண் வந்தது, ஒரு தோள் வந்தது. அவன் இன்னொரு கையை நீட்டி, நூல் பூத்த விரலால் அவள் இமையைத் துடைத்தான். அங்கே தூள் எதுவும் இல்லை, அழுகைதான் இருந்தது. துடைத்துவிட்டு, மேலே வர ஒரு காலைத் தூக்கினான்.

அந்த நேரம் பார்த்து ஊர் வந்தது. விருமாயி தனியாகக் காட்டுக்குத் தவழ்ந்து போனதை யாரோ பார்த்து, ஐயோ பாவம், ஒத்தைப் பொம்பளை என்ன செய்வாள் என்று ஊரே திரண்டு உதவிக்கு வந்தது. கம்பு யாரும் எடுத்து வரவில்லை. அவ்வளவு கவனமாக வந்தார்கள். எல்லைக்கல்லில் நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருத்தரும், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று, குதிகாலால், பெருவிரலால், ஒரே ஒரு தடவை, லேசாக, தான் ஒருத்தர் தட்டுவதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்துத் தட்டினார்கள். ஊர் மொத்தமும் சேர்ந்து நினைத்தது. தரை அதிர்ந்தது.

தவசியின் கண் மாறியது. விருமாயி, "போகாதீக, நம்ம ஆளுகதான்" என்றாள். அவன் கேட்டான், தலையைக்கூட ஆட்டினான், ஆனால் உடம்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது, தோள் போனது, நெற்றி போனது. மூடியிடுக்கில் சிக்கி நசுங்கிவிடக் கூடாது என்று அவள் கையை மட்டும் மெதுவாக வெளியே தள்ளிவிட்டான். பிறகு மூடிக்கொண்டான்.

விடிந்ததும் மிஷின் காட்டுக்குள் இறங்கியது. விருமாயி மூடிமேல் உட்கார்ந்திருந்தாள். நாலு பெண்கள் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், எல்லோரும் அழுதுகொண்டுதான் தூக்கினார்கள். உசிலை மரம் சாய்ந்தது. இன்ஜினீயர் பையன் அந்த இடத்தை மட்டும் ஆட்களை விட்டுக் கையால் தோண்டச் சொன்னான், அவனால் முடிந்தது அதுதான். உள்ளே தவசி இல்லை. ஆள் நீளத்துக்கு, இன்னும் ஆழமாக, வெள்ளை நூல் பை ஒன்று இருந்தது, காலியாக. எலும்பு இல்லை, துணி இல்லை. விருமாயி அதை வீட்டுக்குக் கொண்டுபோய், அரப்பு போட்டு அலசிக் கொடியில் காயப்போட்டாள். ஊரார் போகவர அதைப் பார்த்துவிட்டு, குழியைவிட்டு இன்னும் கீழே எங்கேயோ போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். பூ வைக்கலாமா கூடாதா என்று குழாயடியில் மறுபடியும் ஆரம்பித்தது.

ரோடு போட்டு முடிந்த சமயம், ஒரு மத்தியானம், ஒச்சு தூக்குச்சட்டியில் மதினிக்குக் குழம்பு கொண்டுவந்தான். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டினான்.

உள்ளே அரப்பு சலித்துக்கொண்டிருந்த விருமாயிக்குக் கொழுந்தன் என்று தெரிந்தது. திறக்கத்தான் எழுந்தாள். இரண்டு எட்டில் கதவருகே போய்விட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது அவளுடைய பத்து விரலும் அதை உள்பக்கமாக இழுத்துக் கவ்விக்கொண்டன. இரண்டு காலும் நிலையில் உதைத்து ஊன்றிக்கொண்டன. இமையில் தூள் எரிந்தது. திறந்துவிடு, ஒச்சுதானே, நல்ல பிள்ளை, குழம்பு கொண்டுவந்திருக்கிறான் என்று அவள் தன் கையிடம் சொன்னாள். கை கேட்கவில்லை.

"மதினி, நாந்தான். என்னாச்சு மதினி?" என்று பதறிப்போய், ஒச்சு இன்னும் பலமாகத் தட்டினான்.